கார்பார்க்கில் நாலாவது கை

மகளின் படிப்பில் கிறிஸ்துநாயகத்துக்குச் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகமெல்லாம் அவளுடைய சனிக்கிழமைகளில்தான். பெர்னடெற் 1990இல் லண்டனின் நடுவிலே ஒரு பழைய கல்லூரியில் சேர்ந்தாள். சுவரெல்லாம் தாடிப் பேராசிரியர்களின் படங்கள் தொங்கும் கல்லூரி. அங்கே தமிழ் மாணவர் சங்கம் மாதமொரு சனிக்கிழமை 'கலைமாலை' நடத்தியது. அரைமணி நேரம் வீணை, பிறகு லைட்டை அணைத்துவிட்டு டிஸ்கோ. வீணையைப் பற்றி மட்டும்தான் பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள்.

முதல் கலைமாலைக்கு மகளை இறக்கிவிட்ட மனுசன் குட்மேய்ஸில் இருந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. கல்லூரியின் பின்பக்கக் கார்பார்க்கில் காரை நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் சுவர் அதிரத் தொடங்கியது. எந்த வீணையும் இப்படி அதிராது. மகளைக் கையோடு இழுத்து வருவதென்று கோபத்தோடு இறங்கினார். அப்போது பக்கத்தில் நின்ற வெள்ளை வானின் கண்ணாடி இறங்கியது.

"அண்ணை, முந்நூற்றிநாலு விளையாடுவீங்களோ? எங்களுக்கு நாலாவது கை இல்லை."

கேட்டவர் கடைக்கார யோகலிங்கம். வான் அவருடையது, உள்ளே அரிசி மூட்டைகள்தான் இருக்கை. கணக்காளர் அம்பலவாணனும் தபால் கந்தோரில் வேலை செய்த பாலேந்திராவும் முந்நூற்றிநாலு ஆடச் சீட்டுக்கட்டோடு இருந்தார்கள். நாலாவதாக இருந்தவரின் மகள் படித்து முடித்ததும் அவர் வருவதை விட்டுவிட்டாராம். பத்து நிமிசம் மட்டும் என்று சொல்லி ஏறிய கிறிஸ்துநாயகம், மகள் வந்து கண்ணாடியில் தட்டியபோது துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

லண்டனில் அவருக்கு வாய்த்தது பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட், பகலில் உறக்கம், ஞாயிறு பூசை. வாய்விட்டுச் சிரிக்க ஆளில்லாமல் தவித்துப் போயிருந்தவர், அந்த வானுக்குள் வயிறு நோகச் சிரித்தார். வீணையா டிஸ்கோவா என்று மகளிடம் ஒருநாளும் கேட்கவில்லை. பிள்ளை களைத்துப் போனாள், இம்முறை வேண்டாம் என்று மனைவி மேரிறோஸ் தடுத்தால், கலையைக் கைவிடக் கூடாது என்று வாதாடியதும் அவர்தான்.

மூன்று வருசத்தில் பெர்னடெற் பட்டம் பெற்றாள். வீடு கொண்டாடியது, தகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே ஆடுவதற்கு ஒரு பிள்ளை இல்லாதவனுக்கு வெளியே என்ன வேலை? இனி வேறு ஆள் பிடித்துவிடுவார்கள். மேலே படிக்கச் சொல்லி மகளிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"எனக்குப் படிச்சது காணும், அப்பா. உங்களுக்கு அவ்வளவு ஆசையெண்டா நீங்கள் சேர்ந்து படியுங்கோ" என்றாள். அடுத்த வாரமே வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அடுத்த கலைமாலைக்கு, ஷிப்ட் என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுப் போய் வானில் ஏறினார். கள்ள மனம் அவரை விளையாட விடவில்லை. நல்ல கை வந்தும் கோட்டைவிட்டார். டிஸ்கோ முடிந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஸ்டேசன் பக்கம் போனார்கள். ஒருவரும் கண்ணாடியில் தட்டவில்லை. அதற்கு மேல் அவரால் மறைக்க ஏலவில்லை.

"குறை நினையாதேங்கோ. என்ரை மகள் உள்ளுக்கு இல்லை. படிச்சு முடிச்சிட்டாள்."

யோகலிங்கம் சீட்டைக் கலைப்பதை நிறுத்தவில்லை. தன் மகளுக்குப் போன தையிலேயே கலியாணம் முடிந்துவிட்டது என்றார். பாலேந்திராவின் மகன் கனடா போய் ஒரு வருசமாம். விளையாட்டு மும்முரத்தில் யாருடைய பிள்ளை வந்தது, யாருடையது வரவில்லை என்று யார் பார்த்தது?

மூவரும் அம்பலவாணனைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இன்னும் கலியாணமே கட்டேல்லை. ஒருநாள் இதிலை காரை எடுக்க வந்தனான், கை காணாதெண்டு நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்."