ஒகையோவில் பிறந்தவர்கள்

2010ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்த புகழ்பெற்றவர்களின் படங்களை மகள் பள்ளிக்கூட வேலைக்காக மட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் பசை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை திறக்காது. நான் கொஞ்சம் சோற்றை எடுத்து விரலால் மசித்தேன்.

அந்தப் பிசுபிசுப்பு என்னை யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இழுத்துப் போனது. நிலாவில் முதலில் நடந்தவரின் படத்தை அண்ணன் சோற்றால்தான் சுவரில் ஒட்டியிருந்தான்.

"எறும்பு வரப்போகுது, கழட்டடா" என்று அம்மா ஏசுவார்.

பிறகொரு நாள் சைக்கிளில் டியூசனுக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அதன்பின் படத்தின் மூலை பெயரும்போதெல்லாம் அம்மாவே சோறு வைத்து ஒட்டினார்.

மகள் ஒவ்வொரு படத்தின் கீழும் பிறந்த இடம், இறந்த இடம் எழுதினாள். நிலாவில் நடந்தவரிடம் வந்ததும் நிறுத்தினாள்.

"இவர் இன்னும் உயிரோடைதான் இருக்கிறார் அப்பா."

அண்ணனைப் பற்றி அம்மாவும் சாகும்வரை அப்படித்தான் சொன்னார்.