நான்கு கட்டடம், ஒரு மேசை, கொஞ்சம் சாம்பிராணிப் புகை

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காவிட்டால், "இவனை எதுக்கு வச்சிருக்கோம்?" என்று கேட்பார்கள். ஏணியும் கையுமாக அலைகிற சிசிடிவி, லிஃப்ட், இன்வெர்ட்டர் சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரிய கட்டடங்களில் தீ அலாரப் பெட்டி ஒன்று இருக்கும். புகை வந்தால் அது அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கத்தும். பூட்டிக் கிடக்கிற கோடவுனில் கத்தினால் பல்லிக்குத்தான் கேட்கும். அந்தப் பெட்டிகளோடு சிம் கார்டு போட்ட ஒரு சின்னக் கருவியை இணைத்து, எல்லா அலாரமும் ஒரே திரையில் வந்து விழும்படி செய்வது என் வேலை. ஷார்ஜாவில் பல வருஷம் இதைத்தான் செய்தேன். மகளுக்கு வீடியோ காலில் மட்டும் வாப்பாவாக இருந்து அலுத்துப்போய், மேலப்பாளையத்துக்கே திரும்பி வந்து, வீட்டு முன்னறையில் மேசையும் திரையும் போட்டேன். நான் ஏணியில் நிற்கிற நேரமெல்லாம் திரையைப் பார்ப்பது என் மனைவி ஹாஜரா.

முதலில் கிடைத்த பெரிய வாடிக்கையாளர் ஆறுமுகம் அண்ணாச்சி. டவுனில் ஜவுளிக்கடை, ஜங்ஷனில் லாட்ஜ், பாளையங்கோட்டையில் கல்யாண மண்டபம், பேட்டையில் கோடவுன் என்று நான்கு கட்டடம் அவருக்கு. நான்கையும் எங்கள் மேசைக்குக் கொண்டுவரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "தீவாளி வரைக்கும் பாப்பேன்வே பாய். சும்மா சும்மா கத்துச்சுன்னா எல்லாத்தையும் கழத்திப் போட்ருவேன்." அவர் கழற்றினால் எனக்கு மறுபடி ஷார்ஜாதான். பழைய கம்பெனிக்காரர்கள் விசாவோடு காத்திருந்தார்கள்.

பெரியவர் ரூம்

கல்யாண மண்டபத்துப் பெட்டியில் எந்த விளக்கு எந்த இடத்துக்கு என்று பழைய எலெக்ட்ரீஷியன் துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார். சமையல்கட்டு, மணமேடை, டைனிங் ஹால் எல்லாம் சரி. ஒன்றில் மட்டும் "பெரியவர் ரூம்" என்று இருந்தது. மண்டபம் முழுக்கத் தேடினேன். பெரியவரும் இல்லை, ரூமும் இல்லை. கடைசியில் மேனேஜர் சுடலைமுத்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பாத்திரம் அடுக்கி வைத்திருக்கிற அறை. அண்ணாச்சியின் அப்பா ஒரு காலத்தில் அங்கே கட்டில் போட்டுப் படுத்திருப்பாராம்.

"அப்ப திரையில 'பாத்திர அறை'ன்னு மாத்திருதேன்" என்றேன். சுடலைமுத்து பதறிவிட்டார்.

"பெரியவர் போய்ச் சேந்து வருசக்கணக்காச்சுதான். ஆனா தீப்பிடிக்கிற நேரத்துல பாத்திர அறைன்னு சொன்னா, இங்கன ஒருத்தனுக்கும் வழி தெரியாதுவே!"

லாட்ஜில் காளி

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிற குழு ஒன்று லாட்ஜில் தங்கியிருந்தது. காலையில் வேஷம் கட்டி முடித்து, ஊருக்குள் காணிக்கை வாங்கப் புறப்படும் முன்னால் அறைக்குள்ளேயே தட்டு நிறையச் சூடம் கொளுத்திவிட்டார்கள். லாட்ஜ் முழுக்க அலாரம். ஹாஜரா உடனே லாட்ஜ் மேனேஜருக்குப் போன் போட்டு, சூடத்தை அணைக்கச் சொல்லி அறையைக் காலி பண்ணச் சொன்னாள். அவர் மாடிக்கு ஓடினார். ஓடின மனுஷனிடமிருந்து சத்தமே இல்லை.

மறுபடி போன் போட்டால், குரல் கிசுகிசுவென்று வந்தது. கதவைத் திறந்ததே காளிதானாம். எட்டுக் கை, சடைமுடி, தொங்குகிற நாக்கு.

"எம்மா, நானே விரதக்காரன். காளியப் பாத்து வெளிய போன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

பொட்டு

பேட்டைக் கோடவுனில் கூரை உயரம். அங்கே ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை போகும். புகை அதை மறைத்தால் அலாரம். ஆயுத பூஜைக்கு மறுநாள் திரையில் "கோடவுன் பழுது" என்று வந்தது. கீழே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்தேன். அந்த ஒளிக்கருவிக் கண்ணாடியின் நட்டநடுவில் அழகாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்த உயரத்துக்கு ஏறி யார் வைத்தது என்று பார்த்தால், கீழே கோடவுன் பொறுப்பாளர் தாயம்மாக்கா பெருமையாக நின்றார். எனக்கு வந்த கோபம் அவர் முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு அக்கறையாக என் கருவியை ஷார்ஜாவில் ஒருவரும் கவனித்ததில்லை.

"தராசுக்கு வச்சேன், தள்ளுவண்டிக்கு வச்சேன். ராப்பகலா முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்குத இதுக்கு வைக்காட்டா என் மனசு கேக்குமாய்யா?"

காதர் மாமா

ஜவுளிக்கடைதான் உண்மையான தலைவலி. எங்கள் தெரு காதர் மாமா வாரா வாரம் வியாழக்கிழமை டவுன் கடைகளுக்குச் சாம்பிராணி போடுவார். மயிலிறகு விசிறியால் அவர் வீசுகிற வீச்சில் கடை முழுக்க மேகம் இறங்கினது போல இருக்கும். அலாரம் கத்தாமல் என்ன செய்யும்? இரண்டு வியாழக்கிழமை பொறுத்துக்கொண்ட அண்ணாச்சி மூன்றாவது வாரம், "இன்னொரு தடவ பொய்யாக் கத்தட்டும், பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லலாமா என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வழி கண்டுபிடித்தவள் ஹாஜரா. காதர் மாமாவின் செல்போனில் எங்கள் நம்பரைப் பதிந்து கொடுத்தாள். கடைக்குள் நுழையும் முன் ஒரு போன். அவள் அந்தக் கடை அலாரத்தைத் திரையிலிருந்தே நிறுத்திவைப்பாள். வெளியே வந்ததும் இன்னொரு போன். புகை கலைய விட்டுத் திரும்பவும் போட்டுவிடுவாள். மாமாவுக்கு இந்தப் பதவி ரொம்பப் பிடித்துப்போயிற்று. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொன்னார்.

"டவுன்ல நான் போன் பண்ணாம ஒரு புகை கிளம்ப முடியாதுவே!"

தீபாவளிக்கு முந்தின வியாழன்

அன்று நானும் மேசைப் பக்கத்தில்தான் இருந்தேன். காதர் மாமா போன் பண்ணினார்: "உள்ள போறேன் புள்ள." பிறகு: "வெளிய வந்துட்டேன் புள்ள." ஹாஜரா கொஞ்சம் பொறுத்து அலாரத்தைப் போட்டாள். நான் டீயை வாயில் வைக்கப் போனேன், திரை சிவந்தது. ஜவுளிக்கடை, மேல்மாடி ஸ்டாக் ரூம்.

கடைக்குப் போன் போட்டோம். சூப்பர்வைசர் இசக்கி எடுத்தார். "சாம்பிராணிதாம்மா. காதர் பாய் இப்பந்தான் போனாவ. நான் சத்தத்த நிப்பாட்டிட்டேன்." எனக்கு உயிர் வந்தது. "விட்டுரு ஹாஜரா" என்றேன். பண்டிகை வாரத்தில், கூட்டம் நெரிகிற கடை வாசலில், சாம்பிராணிக்காகத் தீயணைப்பு வண்டி வந்து நின்றால் என் கதை அன்றோடு முடிந்தது.

ஹாஜரா என்னைக் கவனிக்கவே இல்லை. காதர் மாமாவைக் கூப்பிட்டாள். "மாமா, மேல்மாடிக்குப் போனீங்களா?"

"எங்கன போக? படி முழுக்க தீவாளி மூட்டை. கீழேயே சுத்திட்டு வந்துட்டேன் புள்ள."

அப்படியானால் மேலே புகைவது சாம்பிராணி இல்லை. "ஏங்க, அந்த இசக்கி அண்ணன்கிட்ட சொல்லுங்க, கூட்டத்தை வெளிய இறக்கட்டும்" என்று என் கையில் ஒரு போனைத் திணித்துவிட்டு, இன்னொன்றில் தீயணைப்பு நிலையத்தை அழைத்துவிட்டாள்.

கடைவாசல் பொம்மைகளுக்குக் கட்டுகிற சேலையைத் தேய்த்துவிட்டு யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போயிருக்கிறார்கள். சரிந்து விழுந்த துணிக்கட்டு அதன்மேல் கிடந்து கருகியிருக்கிறது. இசக்கி மூட்டைகளைத் தாண்டி ஏறி, தீயணைப்புச் சிலிண்டரைப் பீய்ச்சி அணைத்தார். தீயணைப்பு வீரர்கள் வந்தபோது அவர்களுக்கு வேலை இல்லை. ஜனங்கள் எல்லோரும் பத்திரமாகத் தெருவில் நின்றுகொண்டு, எப்போது திரும்ப உள்ளே விடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். ஹாஜரா கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டார். நான் "விட்டுரு" என்று சொன்னது உட்பட. பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே என் தோளில் தட்டிச் சொன்னார்:

"பாய், நீரு ஷார்ஜாவுக்குப் போறதுன்னா தாராளமாப் போயிட்டு வாரும். அந்தப் பிள்ள இங்கன இருந்தாப் போதும்."

ஆகவே, சக துன்பக்காரர்களே, என் பாஸ்போர்ட் இப்போது பீரோவுக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது. பீரோச் சாவியும் கம்பெனியும் ஹாஜராவிடம் இருக்கின்றன, ஏணி மட்டும் என்னிடம் இருக்கிறது.