எட்வேட்டின் புத்தம் புது ரயர்கள்

கனடாவின் யூனியன்வில்லில் காப்புறுதி விற்கும் எட்வேட், "வாழ்க்கை ஒரு செக்கனில மாறும் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் எதிரில் இருப்பவர் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது: பந்தயப் பாதையில் தன் மோட்டார் சைக்கிளை ஓட்டவேண்டும். அதற்கென்றே, தரையை ஒட்டிப்பிடிக்கும் ரப்பரில் செய்த ஒரு சோடி ரயர் வாங்கினார். முதல் கோடையில் தேவாலயத்தில் மகளின் முதல் நன்மைச் சடங்கு வந்தது. அடுத்த கோடையில் மச்சானின் கலியாணம். பிறகு வீட்டுக் கூரை ஒழுகியது. ரயர்கள் பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்ரிக் உறையோடு வருடக்கணக்காகக் கிடந்தன. விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவற்றையும் காட்டுவார். "ஒருநாள்கூடப் பாவிக்கேல்லை" என்பார், மகளின் பரிசுக் கோப்பைகளைக் காட்டும் அதே குரலில்.

மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போன பிறகுதான் ஒரு கோடை அவருக்கு மிஞ்சியது. பந்தயப் பாதைக்கு அடிக்கடி போய்வரும் மரியோவைக் கூப்பிட்டார். மரியோ உறையை விலக்கி, ரயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் பார்த்தான்.

"அண்ணை, உது ரெண்டாயிரத்துப் பதின்மூண்டில செய்தது."

"செய்தது அப்பதான். ஆனா ஓடேல்லையே! தேயவே இல்லை, வெடிப்பும் இல்லை, பார்."

"ஓடாட்டிலும் ரப்பர் இறுகிப்போகும். பார்த்தா தெரியாது. வேகமா சரிச்சுத் திருப்பேக்கைதான் தெரியும். உதோட நான் கடைக்குப் போகவே யோசிப்பன்."

எட்வேட் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க ஆலோசனை கேட்டார். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். மொன்றியலில் இருந்து சச்சிதானந்தன் மட்டும், "நல்ல இடத்தில வைச்சிருந்தா ஒண்டும் ஆகாது" என்று எழுதினார். எட்வேட் அவரை உடனே நிபுணராக்கிக்கொண்டார். சச்சிதானந்தனிடம் மோட்டார் சைக்கிள் என்றுமே இருந்ததில்லை. அவரிடம் இருந்தது நகைக்கடை.

அந்த ரயர்களையே பூட்டிக்கொண்டு புறப்பட்டார். பந்தயப் பாதையின் வாசலில் ஒரு பெண் வண்டிகளைச் சோதித்தாள். பிரேக்கைப் பார்த்தாள், ரயரை விரல் நகத்தால் அழுத்தினாள், எப்போது வாங்கியது என்று கேட்டாள்.

"புத்தம் புதுசு" என்று ஆங்கிலத்தில் சொன்னார் எட்வேட். பின்னால் நீண்ட வரிசை நின்றது. அவள் தலையாட்டிவிட்டாள்.

முதல் சுற்றை அவர் மெதுவாக முடித்தார். இரண்டாவதில், மகளின் வயதிருக்கும் ஒருத்தி அவரை முந்திக்கொண்டு போனாள். எட்வேட்டுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வளைவில் வேகத்தைக் குறைக்காமல் வண்டியைச் சரித்தார். பின் சில்லு, சண்டை சச்சரவு எதுவுமில்லாமல், வழுக்கித் தன் வழியே போய்விட்டது. புல்லில் உருண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தபோது அவருக்குக் கடவுளோ மனைவியோ நினைவுக்கு வரவில்லை. அன்றும் அங்கே ஓட வந்திருந்த மரியோ பார்த்திருப்பானோ என்றுதான் பயமாக இருந்தது.

மரியோ பார்த்திருந்தான். அவன்தான் முதலில் ஓடிவந்தான்.

தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த மனைவி றோஸ்மேரி, கட்டுப் போட்ட கையை நெடுநேரம் பார்த்தாள்.

"ரயருக்கு ஒண்டும் ஆகேல்லையோ?"

"இல்லையப்பா, ஒரு கீறலும் இல்லை" என்று ஆறுதலாகச் சொன்ன பிறகுதான் அவள் முகத்தைக் கவனித்தார்.

அந்தக் கோடையில் அவருக்கு வியாபாரம் அமோகம். கழுத்தில் தொங்கிய கையைக் கண்டதும் சனம் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டது. எப்படி விழுந்தீர்கள் என்றால், பாதையில் எண்ணெய் சிந்தியிருந்தது என்றார். மல்வேர்னில் ஒரு வீட்டில் மட்டும் ஜெசிகா என்ற தாதி விடவில்லை.

"அங்கிள், உங்கட காப்புறுதி காசு தந்ததோ?"

பந்தயப் பாதையில் விழுந்தால் ஒரு சதமும் கிடையாது என்ற விதியை எட்வேட் பலருக்கு விளக்கியிருக்கிறார். இப்போது தேநீரை ஊதத் தொடங்கினார். ஆறிய தேநீர்.

பழைய ரயர்களை மரியோ கழிவு நிலையத்தில் கொண்டுபோய்ப் போட்டான். அடுத்த ஆனியில் எட்வேட் புது ரயர்களோடு மறுபடியும் போனார். இந்த முறை கடையில் நின்று, அந்த வருடத்து இலக்கம்தானா என்று தானே குனிந்து பார்த்து வாங்கியவை. அன்று எல்லோரும் அவரை முந்தினார்கள். வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்தபடி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். ஹெல்மெற்றைக் கழற்றியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பிடி அண்ணை?" என்றான் மரியோ.

"ரயர் அருமையாப் பிடிக்குது" என்றார் எட்வேட். "இன்னும் வேகமாப் போயிருப்பன், பாதையிலதான் கொஞ்சம் எண்ணெய்."