சும்மா ஓடிய மெஷின்

என் இரண்டாவது பிள்ளை, தையல் மெஷின் ஓடினால்தான் தூங்குவாள். இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் என் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நானும் முதலில் நம்பவில்லை. நம்புவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டே அறை, பின்னால் கொஞ்சம் முற்றம். முன்னறையில் ஜன்னலோரமாக மெஷின், அதற்குக் கையெட்டும் தூரத்தில் தொட்டில். என் வீட்டுக்காரர் செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். காலை பஸ்ஸைப் பிடித்துப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க நானும், நான்கு வயது மூத்தவனும், ஏழு மாதத்துக்காரியும், மெஷினும்தான்.

எனக்குத் தையலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னுடைய பழைய ஜம்பர் ஒன்றைப் பிரித்துப் பழைய பேப்பரில் வைத்து வரைந்து, எது எதோடு சேர்கிறது என்று நானே பார்த்துக்கொண்டேன். ரவிக்கையை அப்போது எங்கள் பக்கம் ஜம்பர் என்றுதான் சொல்வோம். தெருவில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "அவ வீட்ல சும்மாதான் இருக்கா, ஏதோ தையல் போடுதா" என்று பதில் வரும். அந்தச் 'சும்மா'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சும்மா இருப்பதற்கு ஒரு நாளாவது நேரம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைதான்.

தொட்டிலை ஆட்டுவதற்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. அதனால் தொட்டில் கயிற்றை மெஷினின் மிதிபலகையில் கட்டினேன். நான் மிதித்தால் தொட்டில் ஆடும். இந்த யோசனை எனக்கு வந்ததை எண்ணி எனக்கே பெருமை தாங்கவில்லை. ஒருநாள் தைத்துக்கொண்டே இருக்கையில் கயிறு எப்போதோ அறுந்து கிடந்ததைப் பார்த்தேன். தொட்டில் அசையவே இல்லை. பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள். அறுந்த கயிற்றை எடுக்கலாம் என்று மிதிப்பதை நிறுத்தினேனோ இல்லையோ, கண்ணைத் திறந்துவிட்டாள்.

அன்றைக்கு என் மண்டைக்குள் ஒரு வண்டு புகுந்துகொண்டது. அப்படியானால் இத்தனை நாள் அவளைத் தூங்க வைத்தது ஆட்டமா, சத்தமா? மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் தொட்டிலை ஆட்டிப் பார்த்தேன். அழுகை. தொட்டிலை ஆட்டாமல் மெஷினை ஓட்டினேன். தூக்கம். நூல் கண்டு சுற்றுவதற்காகச் சக்கரத்தின் திருகைத் தளர்த்திவிட்டால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி இறங்காது. அப்படியும் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உதட்டைப் பிதுக்கினாள். ஊசி இறங்கி ஏறுகிற அந்த டக்டக்தான் இந்தக் குட்டி அம்மாளுக்கு வேண்டியிருக்கிறது!

விட்டேனா? தெருக்கோடியில் தறி போட்டிருந்த வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். ஐந்து பிள்ளைகளைத் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்த்தவர். "தறி நின்னா எங்க வீட்ல மாமனாரே முழிச்சிக்கிடுவாரு. நீ பச்சப்பிள்ளையைப் போய்ச் சொல்லுதியே" என்றார். பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிறவள் மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்தபடியே சொன்னாள்: "நீ வலி எடுக்க வரைக்கும் மெஷின்ல உக்காந்திருந்தல்லா? உள்ள இருக்கும்போதே கேட்டுப் பழகியிருப்பா. இப்போ வெளிய வந்து அதே வீடுதானான்னு பாக்கா." இந்தப் பேச்சை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

காரணம் எதுவானால் என்ன, எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஜம்பரில் பாதி வேலை கைவேலை. கொக்கி வைக்க வேண்டும், கழுத்தையும் கையையும் மடித்து ஊசித்தையல் போட வேண்டும். அந்த வேலைக்கு மெஷின் வேண்டாம். ஆனால் மெஷின் நின்றால் இவள் எழுந்துவிடுவாள். அதனால் நூலை உருவிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கிற காலைத் தூக்கிவிட்டு, வெறும் மெஷினை மிதித்துக்கொண்டே கையில் கொக்கி வைப்பேன். கால் பிள்ளைக்கு, கை துணிக்கு. மூத்தவன் கீழே உட்கார்ந்து வெட்டுத்துணியில் யானை, ரயில் எல்லாம் செய்வான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கல்யாண வேலை வந்தது. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நெல் அவித்துக் குத்தி அரிசி விற்கிற வீடு. அந்த வீட்டு அம்மாளை நான் அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவேன். மைனியின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எட்டு ஜம்பருக்குத் துணியைக் கொண்டுவந்து தந்தார். மூன்று பட்டு, ஐந்து பருத்தி. அதுவரை நான் தைத்ததெல்லாம் பிள்ளைகளின் கவுனும் தலையணை உறையும் வீட்டில் போட்டுக்கொள்கிற ஜம்பரும்தான். கல்யாணத் துணி என்றால் எல்லோரும் பஜாரில் உள்ள டெய்லரிடம்தான் போவார்கள். இது சரியாக அமைந்தால் தெருவே என்னிடம் வரும். பாதியில் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனால், பிறகு காலத்துக்கும் தலையணை உறைதான்.

பட்டு மூன்றையும் வெட்டித் தைத்துவிட்டேன். பருத்தியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி, மணப்பெண் மூச்சு விட முடியாது. நனைத்தேன். அன்று பிடித்தது சாரல். குற்றாலத்தில் அருவி நன்றாக விழுகிறது என்று ஊரே சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் அடுப்படிக் கொடியில் தொங்கிய ஐந்து துணிகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நாளாகியும் ஈரம் போகவில்லை. அந்த நான்கு நாளும் பட்டு ஜம்பர்களுக்குக் கொக்கி வைத்தேன், வெறும் மெஷினை மிதித்துக்கொண்டு.

ஐந்தாம் நாள் மத்தியானம், நான் அப்படி மிதித்துக்கொண்டிருக்கும்போதே மைனி வந்தார். நனைந்த தலையைக்கூடத் துடைக்கவில்லை.

"ஏட்டி, எங்க துணி எங்க?"

"கொடியில கெடக்கு மைனி. காயலியே. சாரலைப் பாக்கியல்லா."

"நாலு நாளா ஒன் மெஷின் சத்தம் சுவரைத் தாண்டி எங்க வீட்ல கேக்கு. விடியக்காலம் தொடங்கினா பொழுதடையிற வரைக்கும் ஓட்டுத. எங்க துணி மட்டும் கொடியில கெடக்கு. அப்போ யாரு வீட்டுத் துணியத் தச்ச?"

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து மூத்தவன் பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னான். "துணியெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை. அம்மா சும்மா ஓட்டுதா."

"சும்மாவா?" மைனியின் குரல் ஏறியது. "எம்மக கல்யாணத்தை வச்சுக்கிட்டு நீ சும்மா மெஷின் ஓட்டி வெளையாடுதியா?"

நேராக அடுப்படிக்குப் போனார். ஐந்து துணிகளையும் கொடியிலிருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குக் கால் ஓடவில்லை. நிஜமாகவே ஓடவில்லை. மெஷின் நின்றது. தொட்டிலுக்குள்ளிருந்து வீறிட்டு ஓர் அழுகை கிளம்பியது. நான் சொன்னது எதுவும் மைனிக்குக் கேட்கவில்லை, மைனி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் மிதிக்கத் தொடங்கினேன். பத்து மிதிக்குள் அழுகை அடங்கியது.

வாசல்வரை போன மைனி திரும்பிப் பார்த்தார்.

"இது என்னட்டி கூத்து?"

"அதான் மைனி சும்மா ஓட்டுதேன்."

"நிப்பாட்டு பாப்போம்."

நிறுத்தினேன். தொட்டில் சிணுங்கியது.

"மிதி பாப்போம்."

மிதித்தேன். அமைதி. மைனி மூன்று தடவை நிறுத்தச் சொன்னார், மூன்று தடவை மிதிக்கச் சொன்னார். நான் ஒரு வாரம் செய்ததை அவர் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டார். அப்புறம், நான் மடியில் வைத்துக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த, தன் மகளுடைய பட்டு ஜம்பரைப் பார்த்தார். விரலால் கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

"எந்திரி. நீ கீழ உக்காந்து அதை முடி. நான் மிதிக்கேன்."

முதலில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. "இது என்ன மாடு மாதிரி பின்னால போகுது!" என்றார். மூத்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று முன்னால் தள்ளிவிட்டேன். அதன்பிறகு, காயப்போட்ட நெல்லைக் கிளறிப் பழகிய அந்தக் கால்கள் என்னைவிட ஒரே சீராக மிதித்தன. ஈரத்துணி தோளில் கிடக்க, மைனி கண்ணைத் தொட்டிலிலேயே வைத்திருந்தார். நான் கடைசி ஜம்பரின் கடைசிக் கொக்கி வரை வைத்து முடித்தேன்.

எல்லாம் ஆனபின் எழுந்து போனார். தோளில் கிடந்த துணியைத் திரும்பக் கொடியில் போடவில்லை. அப்படியே கொண்டுபோய்விட்டார். பஜாருக்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மீதிப் பொழுது முழுக்கப் பிள்ளைக்காக மட்டும் மெஷினை மிதித்தேன். கையில் வேலை இல்லாமல் மிதிக்கும்போது அது எத்தனை கனமான மெஷின் என்று தெரிந்தது.

மறுநாள் காலை சாரல் அப்படியே இருந்தது. மைனி முந்தானைக்குள் ஒரு பொதியை மறைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் ஐந்து துணியும் மொரமொரவென்று காய்ந்திருந்தன.

"நெல் அவிக்கிற அடுப்புப் பக்கத்துல போட்டேன். இத முன்னாலேயே சொல்லுததுக்கு என்னட்டி?"

எனக்கு அது தோன்றவே இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் ஓடுகிற சத்தம் என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் எரிகிற அடுப்பை நானும் நினைக்கவில்லை. துணியை மூக்கருகே கொண்டுபோனேன். ஐந்திலும் புழுங்கல் நெல் வாசம் அடித்தது.

மைனி அதற்குள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தை அவரே கையால் முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"நீ வெட்டு. நான் சும்மாதான இருக்கேன்" என்றார்.