அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை

"உங்கம்மாவுக்கு சுகர் மாத்திரை குடுத்தது யாரு?" என்று அரசு மருத்துவமனை டாக்டர் கேட்டார்.

அம்மா கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தார். காலையில் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்து, வேலை செய்யும் தறிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தேன். சட்டையெல்லாம் பஞ்சு.

"அவியளுக்கு சுகரே இல்லய்யா" என்றேன். "ஞாயித்துக்கெழம தவறாம பால்கோவா வாங்கிக் குடுப்பேன்" என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதினார். ரத்தத்தில் சர்க்கரை இருபத்தெட்டு. உயிர் தாங்காத அளவுக்கு இறங்கியிருக்கிறது, சர்க்கரைக்கான மாத்திரையை அது இல்லாதவர் தின்றால் இப்படி ஆகும் என்றார்.

மூன்றாம் நாள் நண்பகலில் அம்மா இறந்துபோனார். போலீசுக்குத் தகவல் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்தால் காரணம் உறுதியாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார்.

"அறுக்க வேண்டாம்யா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். பெற்றவளை அறுத்து வாங்கிக்கொண்டு போனான் என்ற பேச்சு வந்துவிடும். அன்று சாயங்காலமே ராஜபாளையத்தில் தகனம் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. மறுநாளே தறிக்குப் போனேன். நாங்கள் நெய்வது புண்ணுக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி. சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அம்மாவை இல்லத்தில் விட்டது நான்தான். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்துபோனது. மனைவிக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை, எனக்குத் தறி. தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் பணம் கட்டிச் சேர்க்கும் இல்லம் ஒன்று இருந்தது. நர்ஸ் உண்டு என்றார்கள். சேர்த்தேன். வீட்டில் அம்மாவின் கட்டில் மேல் துவைத்த துணி குவிய ஆரம்பித்தது.

அம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் தாயாரின் பெயர். அந்தப் பெயரில் அங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு. இல்லத்தில் அடுத்த கட்டில்காரப் பெரியம்மாவுக்கும் அதே பெயர். பிள்ளை இல்லாதவர். கணவர் போன பிறகு வீட்டை விற்று அந்தப் பணத்தை இல்லத்தில் கட்டிவிட்டுச் சாகும்வரை இருக்க வந்தவர். ஒருவரை ஒருவர் "ஏட்டி, பேர்க்காரி" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நான் பால்கோவா கொண்டுபோனால், "எனக்கு மோந்து பாக்கக் குடுத்தாப் போதும்யா" என்று கையை நீட்டுவார். அம்மா நகக்கண் அளவு கிள்ளி வைப்பார்.

காரியம் முடிந்து அம்மாவின் துணிமணிகளை எடுக்க இல்லத்துக்குப் போனேன். ஆபீசில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பை எடுத்துக் கொடுத்தார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"புதுசா வந்த பிள்ளைய்யா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி என் மாத்திரைய உங்கம்மா கையில குடுத்துட்டா. உங்கம்மா கண்ணு சரியாத் தெரியாதவ, முழுங்கிட்டா. எனக்குள்ளது எங்க ஏட்டின்னு கேக்கேன், 'உங்களுக்குக் குடுத்தாச்சு பாட்டி'ங்கா. டப்பாவுல பேரு மட்டுந்தான எழுதிருக்கு. ரெண்டும் ஒரே பேரு."

"யார்கிட்டயும் சொன்னியளா?"

"அவகிட்டயே சொன்னேன். கெழவிக்கு மறதின்னு சிரிச்சா."

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோர்ட்டுக்குப் போகச் சொன்னது என் மனைவி. "கேக்காம விட்டா அடுத்த டப்பாவும் மாறும்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஆபீஸ் வாசல்களில் எனக்கு வாய் எழாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் இலவசச் சட்ட உதவிக்கு எழுதிக் கொடுத்தேன். என் கேஸைப் பார்க்க ஒரு இளம் பெண் வக்கீலைப் போட்டார்கள். மருத்துவமனைச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"பரிசோதனை பண்ணிருந்தா கை பலமா இருந்திருக்கும். சரி, அது போச்சுண்ணே" என்றார். பிறகு மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் கவனக்குறைவால்தான் சாவு என்று டாக்டர்களே எழுதித் தர வேண்டியிருக்கும், நாள் இழுக்கும். இல்லத்தின் அனுமதியை விசாரிக்கச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். அது இனி இருப்பவர்களுக்கு நல்லது. மூன்றாவது, நுகர்வோர் கோர்ட்டு.

"நான் கடையில ஒண்ணும் வாங்கலையேம்மா."

"மாசாமாசம் பணம் கட்டுனீங்கள்லண்ணே? அம்மாவப் பாத்துக்கிடுறதுக்குத்தான கட்டுனீங்க? அதச் சரியாச் செய்யல. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், நேரம் இருக்கு. மாத்திரை நோட்டோட நகலைக் கேட்டு நோட்டீஸ் விடுவோம். அந்தப் பெரியம்மா சொன்னத பிரமாணப் பத்திரமா எழுதிக் கையெழுத்து வாங்கிட்டா கேஸு நிக்கும். அவுக இல்லன்னா சந்தேகந்தான்."

மூன்று வழிகளும் என் காதில் விழுந்தன. எதுவும் எனக்குரியதாகத் தோன்றவில்லை. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். கேட்டு முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுதேன்யா. பாத்ததச் சொல்லுததுக்கு என்ன? பொறவு இவிய என்னைய வெளிய போன்னா, உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

ஒரு நர்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். பெரியம்மா சிரித்தார். "சும்மா கேட்டேன். மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? மழை வருததுக்குள்ள கெளம்பு."

அவர் பெயர் இல்லாமலே நுகர்வோர் கோர்ட்டில் மனுப் போடும்படி வக்கீலிடம் சொன்னேன். பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டேன்.

இல்லத்தின் பதில் வந்தபோது வக்கீல் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். இறந்தவருக்கு எந்த மாத்திரையும் மாறிக் கொடுக்கப்படவில்லை. மகன் தடையை மீறி வாராவாரம் கொண்டுவந்த இனிப்புப் பண்டத்தாலேயே அவர் உடல்நிலை கெட்டது.

வக்கீல் சிரித்துவிட்டார். "இனிப்பு தின்னா சர்க்கரை ஏறும்ணே, எறங்காது. அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இது நமக்கு நல்லது."

எனக்கும் அது புரிந்தது. ஏறும், இறங்காது. டாக்டர் சீட்டில் இருப்பது இருபத்தெட்டு. ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பால்கோவா சுற்றிய பட்டர் காகிதம்தான் கண்ணில் நின்றது. அம்மா அதை விரித்து, ஒட்டியிருப்பதை விரலால் வழித்துத் தின்பார். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் போகவில்லை.

வீட்டில் மனைவியிடம் பதிலைச் சொன்னேன். பெரியம்மா என்னைக் கேட்டதையும் அன்றுதான் சொன்னேன். அவள் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல."

"நல்லாருக்கு" என்றாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலில் குவிந்திருந்த துணியை அள்ளி இரண்டு நடையாக உள்ளே கொண்டுபோட்டாள். பிறகு கட்டிலை ஒரு துடைப்பு துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடுப்பு ஒடிந்தவரைத் தூக்கத்தான் அப்போது ஆள் இல்லாமல் போனது. பெரியம்மா நடப்பார்.

அடுத்த வாய்தா அன்று ஐந்து நிமிடத்தில் எங்களை அனுப்பிவிட்டார்கள். தேதி மட்டும் வாங்கிக்கொண்டு நேரே இல்லத்துக்குப் போனேன். பெரியம்மா வராந்தா பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அடுத்த கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு வேறு பெயராம்.

"பெரியம்மா, நீங்க அன்னைக்குக் கேட்டியள்லா. எங்க வீட்டுல கட்டில் கெடக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகவெல்லாம் பார்க்கவில்லை.

"அந்தக் கட்டில் உங்கம்மாவ இங்க விட்டப்பவும் கெடந்துச்சுல்லா?"

"கெடந்துச்சு."

எழுந்து போகத் தோன்றவில்லை. உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பெண் ஒருத்தி மத்தியான மாத்திரையைக் கொண்டுவந்து பெரியம்மாவின் உள்ளங்கையில் போட்டாள். பெரியம்மா அதை உடனே விழுங்கவில்லை. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "எதுக்குள்ளது ஏட்டி இது?" என்று கேட்டு, அவள் சொன்ன பிறகுதான் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அவள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வாய்தா என்னைக்குய்யா?"

சொன்னேன்.

"அன்னைக்கு வந்து கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பஸ்ஸுல ஏத்தி எறக்கணும், தனியா என்னால ஏலாது."