இருபத்தேழு சந்தேகங்கள்

டெபோராவை அந்தப் பல்கலைக்கழகத்தில் ‘கடைசி பெஞ்ச் மேடம்’ என்றால்தான் தெரியும். முப்பத்தைந்து வயது இயற்பியல் ஆசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்காருவதையே வேலையாக வைத்திருந்தால் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆராய்ச்சி மாணவர்களை முதலாண்டு வகுப்பு எடுக்கத் தயார் செய்வது அவள் பொறுப்பு. சித்தூரில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, புத்தலப்பட்டு வருவதற்குள் டப்பாவிலுள்ள இட்லியை முடித்து, திருப்பதியில் இறங்கியதும் நேராக ஏதாவது ஒரு வகுப்புக்குள் நுழைந்துவிடுவாள்.

அவளிடம் ஒரு கறாரான வழக்கம் உண்டு. பாடம் எடுத்தவர், மாணவர்கள் கேட்ட மூன்று சந்தேகங்களை, கேட்டவர் பெயரோடு சீட்டில் எழுதித் தர வேண்டும். யாரும் ஒன்றும் கேட்கவில்லையா? அப்படியானால் பாடமே நடக்கவில்லை என்பது அவள் கட்சி. “சர்ச்சுல பிரசங்கம் கேட்டுக்கினு தலையாட்டறவங்கள எனக்குத் தெரியும். நானும் ஆட்டியிருக்கேன்” என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினார் மோகன்ராஜ். புத்தூர்க்காரர், வயது நாற்பத்தாறு. இன்டர், அதாவது பிளஸ் டூ, பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, அந்த வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். குரல் மூன்று கட்டடம் தாண்டிக் கேட்கும். வரிக்கு வரி “அர்த்தமயிந்தா?” என்பார். அறுபது பேரும் “அயிந்தி சார்!” என்று தெலுங்கில் கோரஸ் பாடுவார்கள். நிஜமாகவே புரிந்ததா என்று ஒருவரும் யோசித்த மாதிரி இல்லை. மணி அடிக்கும்போது அன்றைய பாடம் மட்டும் கச்சிதமாக முடிந்திருக்கும்.

சீட்டுகளும் தவறாமல் வந்தன. மூன்று வாரத்தில் இருபத்தேழு சந்தேகங்கள். டெபோராவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான்காவது வாரம்தான் உறைத்தது: இருபத்தேழுக்கும் பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கத்திலேயே விடை இருந்தது. பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் இவ்வளவு ஒழுங்காகவா வரும்?

“இதெல்லாம் நீங்களே எழுதினதா சார்?” என்று கேட்டேவிட்டாள்.

மோகன்ராஜ் மின்விசிறியைப் பார்த்தார். “இன்னா மேடம் பண்றது? யாரும் வாயத் தொறக்க மாட்றாங்க. கேள்வி கேட்டா போர்ஷன் நின்னுடும்னு பதினெட்டு வருஷம் பசங்கள நானே அடக்கிக்கினு இருந்தேன். இப்போ எப்படிக் கேக்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியல.”

டெபோராவுக்குக் கோபம் வந்தது. அதைவிடச் சங்கடம் அதிகமாக வந்தது. அவள் இன்டர் படித்த காலத்திலேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டவரை என்னவென்று திட்டுவது? ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் துறைத் தலைவர் கங்கையாவிடம் அவள் எழுதிக் கொடுத்தாக வேண்டும், இவர் வகுப்பைத் தொடரலாமா கூடாதா என்று. கூடாது என்று எழுதினால் மோகன்ராஜுக்கு இங்கே இடமில்லை. அந்தப் பழைய கல்லூரிக்கே திரும்பிப் போய்க் கத்த வேண்டியதுதான்.

“வெள்ளிக்கிழம நான் வந்து உக்காருறேன். ‘அர்த்தமயிந்தா’ன்னு ஒரு தடவகூடக் கேக்கக் கூடாது. எங்க புரியலன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் சும்மா நில்லுங்க. அவங்க கேக்கறதுக்கு விடை தெரியலன்னா தெரியலன்னே சொல்லிடுங்க.”

“கிளாஸ்ல நின்னுக்கினு தெரியலன்னு சொல்றதா?” பல் பிடுங்க வந்தவர் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

வெள்ளிக்கிழமை உராய்வு விசை. மூன்று முறை ‘அர்த்த’ வரைக்கும் வந்து விழுங்கினார். பாதிப் பாடத்தில் சாக்பீஸை வைத்துவிட்டு, “எங்க புரியல?” என்று கேட்டு நின்றார். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷமும் போயிற்று. டெபோராவுக்கே எதையாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது.

நகரியிலிருந்து வரும் ஹரிதா எழுந்தாள். அதுவரை யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. “எங்க நைனா கல்லு லாரி ஓட்டறாரு சார். பரப்பு எவ்ளோ இருந்தாலும் உராய்வு ஒண்ணுதான்னு சொன்னீங்க. அப்போ பின்னாடி எதுக்கு ரெட்டை டயரு?”

வகுப்பு சிரித்தது. ‘சிலபஸ்ல இல்ல’ என்று சொல்லத் திறந்த வாயை மோகன்ராஜ் மூடிக்கொண்டார். நெற்றியைத் துடைத்தார்.

“தெரியல மா.”

சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். “மேடம், உங்களுக்குத் தெரியுமா?”

அறுபது தலைகள் திரும்பின. பாரம், ரப்பர், அழுத்தம் என்று பெரிய வார்த்தைகளைப் போட்டு ஒப்பேற்றிவிட டெபோராவுக்குத் தெரியும். ஆனால் ஏழு வருஷமாக ஊரார் சந்தேகத்தையெல்லாம் சீட்டில் வாங்கியவள், தன் சந்தேகம் ஒன்றையாவது யாரிடமாவது சொன்னதுண்டா? வெட்கமாக இருந்தது. எழுந்து நின்றாள்.

“பாதி தெரியும் சார். மீதி எனக்கும் புரியல.”

அப்புறம் பிடித்தது பாருங்கள். ஈரத் தரையில் ஏன் வழுக்குகிறது என்றான் ஒருவன். பலகை முழுக்க எழுதியிருக்கும் அந்த ‘மியூ’ என்றால் என்ன என்றாள் ஒருத்தி. கைகள் இறங்கவே இல்லை. மணி அடித்தபோது இரண்டு பக்கம் பாடம் பாக்கி.

மோகன்ராஜ் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். “பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் போர்ஷன் முடியல மேடம். அப்போ நான் கெளம்ப வேண்டியதுதானா?”

டெபோரா கங்கையாவுக்குத் தர வேண்டிய தாளைச் சுவரில் வைத்து ‘தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.

“எங்க கெளம்பறது? திங்கக்கெழம அந்த டயர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும் சார். அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் படிச்சாகணும்.”