நான் திருத்திய வாக்கியம்

தலைநகரம் தில்லிக்குப் போகப்போகிறது என்று கல்கத்தாவில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு முப்பத்தைந்து வயது. ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பவானிபூரில் குடியிருந்தோம். பெங்காலி கற்றே தீருவது என்று ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கி இரண்டு வருஷம் உருப்போட்டேன். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்பு வந்துவிடுமோ என்ற பயம்.

என் மனைவிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. அடுத்த வீட்டம்மாளை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்க அவர்கள் முற்றத்திலேயே இருப்பாள். இருவருமாகப் பருப்பு அரைத்து வடகம் கிள்ளி வைப்பார்கள். கையைக் காட்டி, தப்பாகப் பேசி, சிரித்து, ஆறே மாதத்தில் பேசக் கற்றுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சினிடையே என் மனைவி, "ஜொல் காபோ" என்றாள். தண்ணீரைத் தின்பேன் என்று நேர் அர்த்தம்.

"தண்ணியை யாராவது தின்பாளா? ஜொல் பான் கொர்போன்னு சொல்லணும்" என்று திருத்தினேன். அதோடு விடாமல் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினேன். தீதி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். என் மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப்பின் அவள் பெங்காலி பேசுவதை விட்டாள். முற்றத்துக்குப் போவதும் நின்றது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த வருஷம் என்னைச் சணல் கிடங்கு மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். வெயிலில் நா வறண்டு, புத்தகத்தில் படித்தபடியே தண்ணீர் கேட்டேன். ஓர் ஆள் ஓடிப்போய் இலையில் பொரி கொண்டுவந்து வைத்தான். ஜொல்பான் என்றால் அவர்களுக்குச் சிற்றுண்டி. தண்ணீர்தான் வேண்டுமென்றால் ஜொல் காபோ என்று சொல்லுங்கள் என்றார் மேஸ்திரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அன்றிலிருந்து ஆட்களோடு வாய்க்கு வந்தபடி பேசினேன். டிராமில் திரும்பும்போது, எங்கே தப்பாகச் சொன்னேன், அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று யோசிப்பேன். மறுநாள் அப்படியே சொல்லிப் பார்ப்பேன். என் மனைவி அந்த முற்றத்தில் செய்ததும் இதுதான் என்பது மெல்லத்தான் உறைத்தது.

உடனே அவளிடம் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. பல வாரம் கழித்துத்தான், "நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நாமளும் காப்பி சாப்பிடறோம்னுதானே சொல்றோம்."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்க படிச்சவர். தீதி முன்னால எப்படிச் சொல்றது?"

அதற்குள் தீதி குடும்பம் டாக்குரியாவுக்குக் குடிபோயிருந்தது. வற்புறுத்தி என் மனைவியை ரயிலில் அங்கே அழைத்துப் போனேன். தீதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ கேட்டாள். என் மனைவி சிரித்தாள், தலையாட்டினாள். பதிலையெல்லாம் நான்தான் சொன்னேன், சரளமான பெங்காலியில்.